தீர்த்தப் போத்தலில் நீந்தியவை

“வேதக்காரப் பெட்டையள் விஞ்ஞானம் படிச்சால் கோயிலை விடும், இல்லாட்டிப் படிப்பை விடும். ரெண்டும் ஒரு தலைக்குள்ளை இராது.”

எங்கள் விஞ்ஞான ஆசிரியர் இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, வகுப்புக்குப் பொதுவாகச் சொன்னார். நாற்பது பிள்ளைகள் இருந்த அந்த வகுப்பில் வேதக்காரப் பெட்டை நான் ஒருத்திதான். கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள், அதில் குற்றமில்லை. குற்றம் மிச்சத்தில் இருந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. அவருக்குத் திருப்பிச் சொல்ல ஒரு நல்ல பதில் வந்தது. ஆனால் அது நான் வீட்டுக்குப் பாதித் தூரம் நடந்து முடிந்த பிறகுதான் வந்தது. இன்றுவரை அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டிய தேவையும் தெரியவில்லை.

எங்கள் ஊர் முல்லைத்தீவுப் பக்கம், தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து உள்ளே, ஒரு குளத்தை நம்பி இருந்தது. வேதக்கார வீடுகள் பதினொன்று, ஓலை வேய்ந்த கோயில் ஒன்று. சுவாமி, எங்கள் பங்குக் குரு, மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் பூசைக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பதும் உபதேசியாரின் வேலை. நல்ல குரல் உள்ள மனிதர். கடவுள் ‘உண்டாகக்கடவது’ என்று சொன்ன இடம் வரும்போது கூரை ஓலை அசைவதுபோல எங்களுக்கு இருக்கும்.

எங்கள் வீட்டில் தன் பெயரை எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். ஐயா கைநாட்டு. அம்மாவுக்குச் செபங்கள் எல்லாம் மனப்பாடம், ஆனால் செபப் புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் அப்படியே பிடித்துக்கொண்டு சொல்லுவா. இதை நான் வெட்கத்தோடு எழுதவில்லை. ஏழு வயதிலிருந்தே எங்கள் வீட்டுக்கும் பக்கத்து நாலு வீட்டுக்கும் வந்த கடிதம், அரசாங்கக் கச்சேரிக் கடதாசி எல்லாவற்றையும் நான்தான் வாசித்துக் கொடுத்தேன். அதனால் எனக்குத் தலைக்கனம் என்று அம்மாவின் தம்பியான என் மாமா சொல்லித் திரிந்தார். இருந்ததுதான்.

அந்தத் தலைக்கனத்தோடு நான் கேட்ட கேள்வி இது. ஆவணியில் எங்கள் குளம் வற்றிப் போகும். அடி மண் பாளம் பாளமாக வெடிக்கும். மாடு நடக்கும், பொடியள் பந்தடிப்பார்கள். ஐப்பசியில் மழை விழுந்து ஒரு கிழமை, ஏழெட்டு நாள் போவதற்குள் அதே இடத்தில் தண்ணீர் முழுக்க உயிர்கள் துடிக்கும். அவை எங்கிருந்து வந்தன?

ஐயா மழையோடு வருகிறது என்றார். மேகம் முல்லைத்தீவுக் கடலில் உறிஞ்சி எடுத்துக்கொண்டு வந்து இங்கே கொட்டுகிறது என்று மாமா விளக்கினார். ஒருமுறை தன் தலையிலேயே ஒரு கச்சல் மீன் விழுந்ததாகவும், அதைப் பொரித்துத் தின்றதாகவும் சேர்த்துக்கொண்டார். உபதேசியார், கடவுள் ஒவ்வொரு மாரிக்கும் தமது வார்த்தையைப் புதிதாகச் சொல்லிப் படைக்கிறார் என்றார். விஞ்ஞான ஆசிரியர், எல்லாம் மண்ணுக்குள்ளே முட்டையாகக் கிடக்கிறது, கடவுளுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றார்.

நாலு பேரும் சந்தேகமே இல்லாமல் சொன்னார்கள். நாலு பேரில் ஒருவரும் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு முதல் வந்த கோபம்.

ஆகவே நானே பார்ப்பது என்று தீர்மானித்தேன். மழை விழ முன்னரே, காய்ந்த மண்ணைத் தண்ணீரில் போட்டால் தெரிந்துவிடும். ஆனால் எந்தத் தண்ணீர்? கிணற்றுத் தண்ணீரில் புழு நெளிவதை நானே கண்டிருக்கிறேன். தகரப் பீப்பாவில் கிடந்ததில் நுளம்பு முட்டையிட்டிருந்தது. அவற்றில் மண்ணைப் போட்டால், வருகிற உயிர் மண்ணுடையதா தண்ணீருடையதா என்று எப்படிச் சொல்வது? கொதிக்க வைத்து ஆறவிடலாம் என்றால், அடுப்பில் ஒரு விறகு கூட எரிந்தாலும் அம்மாவுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரேயொரு தண்ணீர், யேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளிலிருந்து ஆறு மாதமாக ஒரு பூச்சியும் இல்லாமல் தெளிவாக இருந்தது. மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், கார்க் அடைத்த பழைய மருந்துப் போத்தலில் இருந்த தீர்த்தம். சுவாமி மந்திரித்துக் கொடுத்தது. யாருக்காவது காய்ச்சல் என்றால் நெற்றியில் தெளிப்போம். பிறகு விதைப்பு நாளில், விதைநெல்லை ஓலைக் கடகத்தோடு வயலுக்கு எடுக்க முன் குருத்தோலையால் தொட்டு அதன்மேல் தெளிப்போம். மற்ற நாட்களில் யாரும் அதைத் தொடமாட்டார்கள், கோழி தட்டாது. இதைவிடப் பொருத்தமான தண்ணீரும் இடமும் பரிசோதனைக்குக் கிடைக்காது என்று நினைத்தேன். இது பாவம் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று எழுதினால் பொய். கொஞ்சம் தோன்றியது. கடவுளுடைய வேலையைப் பார்க்கக் கடவுளுடைய தண்ணீரை எடுத்தால் அவர் கோபிக்கமாட்டார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வெடிப்பின் விளிம்பில் இருந்து எடுத்த மண்ணை நுணுக்கி, ஒரு சிட்டிகை போட்டேன். கார்க்கை எடுத்துவிட்டு, துணி ஒன்றை இரண்டாக மடித்து வாயைக் கட்டினேன்.

மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள், அம்மா கிணற்றடிக்குப் போன நேரம் போத்தலை யன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோது, தூசி ஒன்று தானாகத் துள்ளியது. பிறகு இன்னொன்று. ஏழாம் நாள் அவை அரிசிக் குறுணல் அளவு வளர்ந்திருந்தன. உடம்பு கண்ணாடி. உள்ளே பச்சையாக ஒரு நூல் ஓடியது. அது அவற்றின் குடல் என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். மீனைப்போலக் குப்புற நீந்தவில்லை. மல்லாந்து, வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நீந்தின. இரண்டு பக்கமும் இறகு மாதிரிக் கால்கள். எண்ணப் பார்த்தேன். எட்டோ ஒன்பதோ வரும்போது கண் குழம்பிவிடும். எல்லாக் கால்களும் ஒரேயடியாக அடிக்காது. தலைப்பக்கம் தொடங்கி வால்வரை ஒன்றின்பின் ஒன்றாக அடிக்கும், பிறகு மறுபடி தலைப்பக்கத்தில் தொடங்கும்.

அந்த மண்ணை எனக்குத் தெரியும். ஐயாவின் மாடுகள் அதை மிதித்தன. மாமா அதன்மேல் சைக்கிள் ஓடினார். நாங்கள் வெறுங்காலோடு நிற்க முடியாதபடி அது கொதித்தது. அதற்குள் இவை பொறுத்துக்கொண்டு கிடந்திருக்கின்றன. மழை இன்னும் விழவில்லை, மேகமும் இல்லை. விஞ்ஞான ஆசிரியர் சொன்னது சரி என்று கண்டுகொண்டேன். அதே நிமிடத்தில், அவர் சொன்னதில் பாதிதான் சரி என்றும் பட்டது. வெயில் வரும் என்று முதலே யோசித்து, கண்ணுக்குத் தெரியாத முட்டைக்கு வேகாத ஓடு போட்டுவிட்ட ஒருவர் இருக்கிறார். மழைக்கு மழை ஓடிவந்து புதிதாகச் செய்கிற உபதேசியாரின் கடவுளைவிட இவர் எனக்குக் கெட்டிக்காரராகத் தெரிந்தார். ‘உன்னைப் படைத்தவர் யார்?’ என்ற ஞானோபதேசக் கேள்விக்கு நான் நூறு தடவை பதில் சொல்லியிருப்பேன். கேட்காமலே சொல்ல வேண்டும்போல இருந்தது அன்றைக்குத்தான்.

முதல் நன்மைக்கு, நற்கருணை அப்பத்தை முதன்முதலாக வாங்கும் நாளுக்கு, இன்னும் ஐந்து கிழமை இருந்தது. சுவாமி மாதத்தில் ஒருநாள் வருகிறபடியால் எங்கள் ஊரில் அது கொஞ்சம் பிந்தித்தான் கிடைக்கும். மூன்று வருடமாக அதற்காகப் படித்திருந்தேன். அம்மா வெள்ளைச் சட்டை தைத்து, கற்பூர உருண்டை போட்டு, றங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தா. ஞானோபதேச வகுப்பில் ஆறு பேர், எல்லாச் செபத்தையும் பிழையில்லாமல் சொன்னவள் நான். அதைவிடப் பெரிய ஆசை எனக்கு அந்த வயதில் இருக்கவில்லை.

விதைப்பு நாளை நான் மறந்துவிட்டேன். பஞ்சாங்கமும் முகூர்த்தமும் எங்கள் ஐயாவிடம் இல்லை. மண்ணைக் கையில் எடுத்து மணந்து பார்த்து, “நாளைக்கு” என்று சொல்லுவார். அப்படித்தான் சொன்னார். காலையில் நான் பல் விளக்கிக்கொண்டு நிற்கும்போது அம்மா போத்தலை எடுத்தா. துணி கட்டியிருந்ததைக் கண்டு வெளிச்சத்துக்குப் பிடித்தா. பிடித்தபடியே முழங்காலில் இருந்துவிட்டா.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரமே சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திராது. ஆனால் விதைப்புக்கு உதவிக்கு வந்திருந்த மாமா அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டார். தீர்த்தத்தில் மாதா உயிர் கொடுத்திருக்கிறா என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். தன் தலையில் மீன் விழுந்த கதையையே ஊர் முழுக்க விற்ற மனிதருக்கு இது போதாதா? வெயில் ஏறுவதற்குள் எங்கள் முற்றத்தில் அறுபது எழுபது பேர். வேதக்காரர், சைவக்காரர் என்ற வித்தியாசம் இல்லை. மெழுகுதிரி, ஊதுபத்தி, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் வந்தன. போத்தலின் அடியில் மண் இருக்கிறதே என்று ஒரு கிழவர் சொன்னார். அதுவும் புனித மண்ணாக இருக்கும் என்று இன்னொருவர் பதில் சொன்னார். விதைநெல் கடகத்துக்குள்ளே காத்திருந்தது. ஐயா மட்டும் வானத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல், தெளிக்காத நெல்லைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அந்த வருடமும் வழக்கம்போலத்தான் விளைந்தது.

உபதேசியார் வந்தார். வெள்ளை வேட்டியோடு எங்கள் முற்றத்து மணலில் முழங்காலில் நின்று, கடவுளின் வார்த்தை தண்ணீரில் இறங்கியிருக்கிறது என்று நல்ல குரலில் சொன்னார். சனம் அழுதது. நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, அவர்களில் யாராவது குனிந்து அந்த உயிர்களை ஒழுங்காகப் பார்ப்பார்களா என்று பார்த்தேன். போத்தலைக் கும்பிட்டார்கள், தொட்டு ஒற்றிக்கொண்டார்கள். மல்லாந்து நீந்துகிறதே என்று ஒருவரும் சொல்லவில்லை.

அப்போதுதான், கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து காட்டோரத்தில் குடியேறியிருந்த ஒரு அக்கா, சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தா. இடுப்பில் குழந்தை. கண் உள்ளே போய், அழக்கூடச் சத்தம் இல்லாமல் இருந்தது.

“ஒரு வாய் மட்டும் குடுங்கம்மா. மூணு நாளா புள்ளைக்கு வயிறு நிக்கவே இல்ல.”

உபதேசியார் போத்தலை எடுத்து அவவின் கையில் கொடுத்தார். அவ துணியை அவிழ்த்தா.

நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. “குடுக்காதேங்கோ” என்றேன். “அது குளத்து மண். நான்தான் போட்டனான்.”

மாமா முதலில் சிரிக்கப் பார்த்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். உபதேசியார் இன்னும் முழங்காலில் இருந்தார். எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் அவர் பட்ட பாட்டை இன்று நினைத்தால் இரக்கம் வருகிறது. அன்றைக்கு வரவில்லை. முதலில் அசைந்தவ அம்மாதான். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல், அந்த அக்காவின் கையிலிருந்து போத்தலை வாங்கி வைத்துவிட்டு, தேயிலைத் தண்ணீர் கொடுத்து, மாமாவின் சைக்கிளில் ஏற்றி ஆசுபத்திரிக்கு அனுப்பினா. குழந்தை பிழைத்துக்கொண்டது. அதை யாரும் மாதா செய்த புதுமை என்று சொல்லவில்லை, முழங்காலில் நிற்கவும் இல்லை.

சனம் போன பிறகு உபதேசியார் போத்தலை எடுத்துக்கொண்டு கோயிலடிக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். மந்திரித்த தண்ணீரைக் கால் படாத இடத்தில்தான் ஊற்ற வேண்டும் என்பது முறை. செவ்வரத்தை மரத்தடியில், வெயில் மணலில் ஊற்றினார். முறை பிழைக்கவில்லை. அவை கொஞ்ச நேரம் துடித்தன. பிறகு மினுங்கின. பிறகு ஒன்றும் தெரியவில்லை. படைப்பைப் பற்றி எனக்கு மூன்று வருடம் படிப்பித்த மனிதர், படைக்கப்பட்டவை முப்பது நாற்பதை என் கண்முன்னே கொன்றுவிட்டு, வெறும் போத்தலைக் கழுவச் சொல்லி என்னிடம் தந்தார். நான் வாங்கவில்லை.

திங்கட்கிழமை கதை பாடசாலைக்குப் போய்விட்டது. விஞ்ஞான ஆசிரியருக்கு அன்று பெருநாள். என்னை எழுப்பி முன்னால் நிறுத்தி, உபதேசியார் முழங்காலில் நின்ற மாதிரி நடித்துக் காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். எத்தனை நாளில் வந்தது, எவ்வளவு பெரிது, எத்தனை கால் என்று ஒன்றும் கேட்கவில்லை. முட்டையிலிருந்துதான் வந்தது, கடவுளிடமிருந்து இல்லை என்று வகுப்புக்குச் சத்தமாகச் சொல்லச் சொன்னார்.

“முட்டையிலை இருந்து வந்தது சேர். அது கால் அடிக்கிற வடிவைப் பாக்க எனக்குச் செபம்தான் வந்தது.”

அதற்குத்தான் அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நான் தொடக்கத்தில் எழுதிய அந்த வார்த்தையைச் சொன்னார்.

அடுத்த பூசைக்குச் சுவாமி வந்தபோது உபதேசியார் எல்லாவற்றையும் தன் பக்கத்திலிருந்து சொல்லி முடித்திருந்தார். சுவாமிக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு கோயில் இருந்தது. பிள்ளை சனத்தின் முன்னால் மன்னிப்புக் கேட்டால் போதும், மற்றதை உபதேசியார் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். பூசைக்கு முன் என்னைப் பீடத்தடியில் நிறுத்தினார்கள். தீர்த்தத்தைக் கேட்காமல் எடுத்தது பிழை, மன்னிக்க வேண்டும் என்றேன். அது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. பிழைதானே. உபதேசியார் அதோடு விடவில்லை. மண்ணில் உயிர் இல்லை, உயிர் கடவுளிடமிருந்துதான் வருகிறது, இதையும் சொல்லு என்றார்.

“கடைசியைச் சொல்லுவன்” என்றேன். “முதலாவதைச் சொல்லமாட்டன். நான் பாத்தனான்.”

சுவாமி மணிக்கூட்டைப் பார்த்தார். இந்தப் பிள்ளைக்கு நன்மையை அடுத்த முறை பார்ப்போம் என்று மெதுவாகச் சொன்னார். அடுத்த முறை என்பது அடுத்த வருடம்.

முதல் நன்மை நாளில் என் வகுப்பில் மற்ற ஐந்து பேரும் வெள்ளை உடுத்து முன் வரிசையில் நின்றார்கள். அவர்களில் இருவருக்கு விசுவாசப் பிரமாணம் பாதிக்குமேல் தெரியாது. நான் பழைய நீலச் சட்டையோடு கடைசி வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். பிள்ளைகளுக்குப் பிறகு பெரியவர்கள் நன்மை எடுக்க எழும்பிப் போனார்கள். அம்மா எழும்பவில்லை. காய்ச்சலோடும் ஒரு பூசை தவறவிடாத அம்மா, என் தம்பி பிறந்து பதினைந்தாம் நாள் நடந்துபோய் நன்மை எடுத்த அம்மா, சேலைத் தலைப்பை முகத்தில் இழுத்துவிட்டு அப்படியே முழங்காலில் நின்றா. அடுத்த மாதமும் எழும்பவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. என்னால் வந்த வெட்கம் தாங்காமல்தான் முகத்தை மூடுகிறா என்று நினைத்தேன். சரியைச் சொன்னவளுக்கு வீட்டிலும் ஆள் இல்லை என்று அந்த வருடம் முழுக்க அம்மாவோடு முறுகிக்கொண்டு திரிந்தேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், அதுவும் பாதி.

பதின்மூன்று பூசை அப்படிப் போனது. பிறகு புதுச் சுவாமி ஒருவர் வந்தார். பழைய கதை அவருக்குத் தெரியாது, உபதேசியாரும் சொல்லவில்லை. அந்த வெள்ளைச் சட்டையின் அடி மடிப்பை அவிழ்த்து நீட்டி உடுத்துக்கொண்டு, அந்த ஒரு வசனத்தைச் சொல்லாமலே, நான் முதல் நன்மை எடுக்கப் போனேன். எனக்குப் பின்னால் அம்மாவும் எழும்பி வந்தா. என் முக்காடு வழுக்கிவிடுமோ என்று பார்க்கத்தான் வருகிறா என்று நினைத்தேன். அந்தப் பதின்மூன்று பூசைக்குப் பிறகு முதல்முறையாக, எனக்கு அடுத்ததாக அவவும் முழங்காலில் நின்று நன்மைக்கு நாக்கை நீட்டினபோதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முக்காடு சரியாகத்தான் இருந்தது, பிறகு ஏன் வந்தா என்றுகூட யோசித்தேன்.

இப்போது நான் உயர்தரத்தில் உயிரியல் சித்தியடைந்து, எங்கள் பாடசாலையிலேயே தொண்டர் ஆசிரியையாக ஆறாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன மாதம் உபதேசியாருக்குக் கண் மங்கிவிட்டது என்று, ஞானோபதேசத்துக்கு ஆள் தேடினார்கள். நான் போய் அதையும் நானே எடுக்கிறேன் என்றேன். கேட்கவில்லை, சொன்னேன். விஞ்ஞான ரீச்சருக்கு இது சரிவருமா என்று சுவாமி தயங்கினார். ஞாயிறு எட்டரைக்குக் கோயில் கதவைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்றைக்கு முதல் வகுப்பு. பாடம், படைப்பு. ஒன்பது பிள்ளைகள். புத்தகத்தைத் திறக்க முன், ஆளுக்கொரு உயிரைக் கோயில் வளவில் தேடிப் பிடித்து, அதற்கு எத்தனை கால், எப்படி நடக்கிறது, எதைத் தின்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொன்னேன். யாரும் கொல்லக்கூடாது என்றும் சொன்னேன். மணி பத்தாகிறது. வளவில் குனிந்தவர்களில் ஒருவரும் இன்னும் திரும்பி வரவில்லை.